நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர்

எண் பலகையின் கடைசி இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது.
கோப்பில் இது 'பீ' தரம்,
பஸ்காரருக்குத் துறையடி றோட்டு.
ஏழு மைல் இரண்டு பேர்லாங் என்று
ஐம்பத்தெட்டாம் ஆண்டு யாரோ மை தொட்டு எழுதியிருக்கிறார்.
என் சில்லு சொல்கிறது:
பன்னிரண்டு கிலோமீற்றர், மேலே எண்பது மீற்றர்.
மாற்றிக் கழித்துப் பார்த்தால்
நானூற்றுப் பன்னிரண்டு கூட.

சில்லுப் பிழை என்றான் புவிதரன்.
சந்திரதாச குந்தியிருந்து அச்சைத் துடைத்தான்.
கொட்டியாரக் குடா முதுகில் வெயிலடிக்க
மறுநாளும் துறையடியில் தொடங்கினோம்,
மீற்றருக்கு ஒரு சொடக்கு.

பாலம் வருமுன் இங்கே
இரண்டு தோணியைச் சேர்த்துப் பலகை அடித்து
லொறியை ஏற்றினார்கள். அதற்கும் பெயர் பாதைதான்.
ஆடுகிற பாதையிலிருந்து
கிடக்கிற பாதைக்கு இறங்கும்போது
மாடுகள் ஒரு கணம் நின்று
காலால் கேட்குமாம்.

இரண்டாம் கட்டையில் கட்டை இல்லை, ஊர் இருக்கிறது.
பள்ளிக்கூடம், பள்ளிவாசல், சைக்கிள் கடை
எல்லாவற்றுக்கும் அந்தக் கல்லின் பெயர்.
கல், அறுபத்துநாலு சூறாவளியில்
வாய்க்காலுக்குள் போனது. இன்று அதில்
ஒருத்தி பாடசாலைச் சட்டை துவைக்கிறாள்,
'2' என்ற பள்ளத்தில் சவர்க்காரம் வைத்து.

மதகடியில் றோட்டின் விலா பிளந்திருந்தது.
மேலே தார். கீழே கிறவல்.
அதற்கும் கீழே, குழி மூடக் கொட்டிய
யாருடையதோ வீட்டுச் செங்கல்,
ஒரு பக்கம் நீலச் சுண்ணாம்பு இன்னும் போகாமல்.
ஆழத்தைக் குறித்துக்கொண்டேன்.
நிறத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

நாலாம் கட்டை தாண்டினால் வளைவு.
வரைபடத்தில் அங்கே அடிமட்டம் வைத்த கோடு.
கோடு போகவேண்டிய இடத்தில்
நாயுண்ணி, எருக்கலை, மண் அணையின் மிச்சம்,
மண்டையோடு கீறிய சிவப்புத் தடி ஒன்று,
பாகற்கொடிக்கு ஊன்றாக.
முகாம் வந்தபோது றோட்டு ஒதுங்கியது.
பத்தொன்பது வருஷத்தில் முகாம் போனது.
றோட்டுக்கு யாரும் சொல்லவில்லை.
அதற்குள் வளைவில் ஒரு தேத்தண்ணிக் கடை,
ஒரு மின்மாற்றி, பாதி கட்டிய பஸ் தரிப்பிடம்.
சாரதிகளின் கை
கண்ணுக்கு முந்தித் திரும்பப் பழகிவிட்டது.

கலந்தர்லெப்பை குடையோடு வந்தார்.
மறுகையில் பொலித்தீன் உறைக்குள் காணி உறுதி.
வளைவு படுத்திருப்பது அவருடைய இரண்டரை ஏக்கரில்.
"உங்களுக்கு முன்னம் ஆறு பேர் அளந்தாங்க.
ஆறு பேரும் நேர்கோட்டைத்தான் எழுதினாங்க.
புத்தகத்தில என்ட வயல் வயலாத்தான் கிடக்கு.
விதைச்சா முளைக்குமா, மகள்?"
நட்டஈட்டுப் பிரிவு வேறு மாடி என்று தொடங்கினேன்.
"காசு வேணாம் எண்டு சொல்லல்ல.
முதல்ல இதை எழுதுங்க."

பாதி றோட்டுக்குக் கல் அடுக்கி
மிச்ச வயலின் நெல்லைக் காயப்போட்டிருந்தார்.
சில்லு அதைச் சுற்றித்தான் போயிற்று.
அதிலும் ஒரு மீற்றர் கூடியிருக்கலாம்.

தேத்தண்ணிக் கடை வாங்கில் பதிவேட்டை விரித்தேன்.
வித்தியாசத்துக்கான காரணம்:
நிரலின் அகலம் ஒன்றரை அங்குலம்.
வளைவு என்றால் ஒரு சொல்லில் முடியும்.
முகாம் என்றால் மேலிருந்து கூப்பிடுவார்கள்.
வயல் என்று எழுதினேன்.
பிறகு இடம் போதாமல் ஓரத்தில்,
நூல் தைத்த மடிப்புவரை,
ஆதம்பாவா கலந்தர்லெப்பை, இரண்டரை ஏக்கர்,
வடக்கே வாய்க்கால்.
அவர் கண்ணாடி போட்டு வாசித்தார்.
'லெ'யில் கொம்பு விடுபட்டிருந்தது. போடச் சொன்னார்.

மீதி ஐந்து கிலோமீற்றரில் சொல்ல அதிகமில்லை.
மருது, வயல், மருது.
மட்டக்களப்பு வீதியில் முட்டுகிற இடத்தில்
மாடு உரசிச் சரித்த நிறுத்தற் பலகை.
புவிதரன் பசிக்கிறது என்றான்.
சந்திரதாச சில்லைத் தூக்கித் தோளில் வைத்தான்.
தரை தொடாமலே அது
இன்னும் இரண்டு சொடக்குப் போட்டது.